ஈசியூவை மாற்றலாமா?

கேள்வி: மழைக்கு அப்புறம் காரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்குகள் சேர்ந்தே எரிகின்றன. ஸ்கேனரில் 'தொடர்பு இல்லை' என்று வருகிறது. ஈசியூவையே (காரின் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: அவசரப்படாதீர்கள். எல்லா ஈசியூவும் ஒரே நாளில் கெடாது, அவை ஒன்றோடொன்று தகவல் பேசிக்கொள்ளும் 'கேன்' (CAN) எனும் ஒயர் ஜோடியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் 60 வந்தால் சரி, 120 வந்தால் இந்த ஜோடியின் ஒரு முனைக்குப் போகும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் உரசிக்கொண்டிருக்கின்றன. அப்போது கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைக் கவனித்தால் சிக்கல் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். உங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம், அதனால் ஏபிஎஸ் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், எர்த் ஒயரைக் கார் பாடியோடு இணைக்கும் போல்ட்டையும் விடாதீர்கள்.