உருவமே இல்லாத ஓவியத்தில் பண்பாடு எப்படித் தெரியும்?

கேள்வி நியாயமானதுதான். கோயிலோ கோலமோ வரையாமல் "இது என் மண்" என்று எப்படிச் சொல்வது? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பார்த்தால் புரியும்.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தொடக்கத்தில் நிலக்காட்சிகள், மனிதர்கள் என்று வரைந்தார். ஐரோப்பிய நவீன ஓவியப் பாணியை நன்றாகத் தெரிந்துகொண்டவர். அதையே திருப்பிச் செய்வதில் அவருக்கு நிறைவு இல்லை. 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணிதக் குறிகள், மலையாள எழுத்தின் சாயலில் நெருக்கமான வரிகள். படிக்கப் போனால் பல இடங்களில் பொருளே கிடைக்காது. ஆனால் பழைய ஏட்டைப் பிரித்துப் பார்ப்பதுபோல, இது நம் வீட்டுச் சங்கதி என்று மனம் உடனே சொல்லிவிடும். பொருளை எடுத்துவிட்டு, எழுத்தின் நடையையும் நெருக்கத்தையும் மட்டும் மிச்சம் வைக்கிறார். சிறுவயதிலிருந்து கண்ணில் பதிந்தவை அந்த நடையில்தான் வெளிவருகின்றன. என்னைப் பொறுத்தவரை, மயிலும் தாமரையும் வரைந்து அடையாளம் காட்டுவதைவிட இது நேர்மையான வழி.

அகநோக்கும், அதாவது ஓவியர் தன்னைத்தானே உள்ளே பார்த்துக்கொள்வதும், இங்கேதான் வருகிறது. கதை சொல்லும் உருவம் இல்லாததால், எந்தக் கோடு தன்னுடையது, எது இரவல் என்று ஓவியர் ஒவ்வொரு முறையும் தனக்குள் கேட்டாக வேண்டும்.

அப்புறம், 1966-இல் அவர் தலைமையில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமம் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். அச்சுப்படத்தில் அந்த வரிகளின் நெருக்கம் பாதிகூடத் தெரியாது.