கிராம சபையில் தீர்மானம் போட்டும் வேலை நடக்காதது ஏன்? எப்படிக் கேட்டால் நடக்கும்?

மேற்குத் தெருவுக்குக் கழிவுநீர் கால்வாய் வேண்டும் என்று அடுத்தடுத்து கிராம சபைகளில் தீர்மானம் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தத் தீர்மானத்தின் வாசகத்தைப் பாருங்கள். "கால்வாய் வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று மட்டும் இருந்தால், அதை வைத்துக்கொண்டு ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் செலவு மதிப்பீடு போட முடியாது. யார் நிலம், எவ்வளவு நீளம், தண்ணீர் எங்கே போய்ச் சேரும், எந்த நிதி என்பதெல்லாம் வாசகத்திலேயே இருக்க வேண்டும். பெரும்பாலான தீர்மானங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. பழியெல்லாம் அதிகாரிகள் தலையில் விழுகிறது.

நிலத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப் பதிவேட்டுத் தளத்தில் புல எண்ணைக் கொடுத்தால், நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேடு விவரம் வரும். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றால் சிக்கல் குறைவு. நீர்நிலைப் புறம்போக்கு என்றால் கட்டுமானத்துக்கு ஒப்புதல் கிடைப்பது கடினம். நடுவில் பட்டா நிலம் வந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பள்ளம் தோண்டிய பிறகு பாதியில் நின்ற வேலைகள் ஏராளம். அந்தச் சாலை யாருடையது என்றும் பாருங்கள். ஊராட்சி ஒன்றியச் சாலையிலோ நெடுஞ்சாலைத் துறைச் சாலையிலோ கிராம ஊராட்சி தன் நிதியைப் போட முடியாது. ஏரி, குளத்துக்கும் இதே கதைதான்: ஆயக்கட்டு, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. தவறான அலுவலகத்துக்குப் போன தீர்மானம் அங்கேயே கிடக்கும்.

அடுத்தது வாட்டம். தண்ணீர் தானாக ஓட 200 மீட்டருக்கு ஒரு மீட்டராவது சரிவு இருந்தால் நல்லது. 120 மீட்டர் கால்வாய் என்றால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 60 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். ஊர்க் கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும். அவரை அழைத்துக்கொண்டு போய், தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயைப் பத்து மீட்டருக்கு ஒரு முறை பிடித்து மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலை போதும். முடிவில் ஓடையோ வேறு கால்வாயோ இல்லாவிட்டால் கால்வாய் கேட்காதீர்கள். கடைசி வீட்டு வாசலில் சாக்கடை தேங்கும், கொசு பெருகும், ஆறு மாதத்தில் அந்த வீட்டுக்காரரே மண்ணைப் போட்டு மூடுவார். அப்படிப்பட்ட தெருவுக்கு வீட்டுக்கு ஓர் உறிஞ்சுகுழி, அதாவது கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் ஜல்லி நிரப்பிய குழி, கேட்பதே சரி. முன்னால் சிறு வடிகட்டித் தொட்டி இல்லாவிட்டால் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியை அடைத்துவிடும். களிமண் நிலத்தில் உறிஞ்சுகுழி எடுபடாது. கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் பக்கத்தில் வெட்டவே கூடாது.

இப்போது வாசகம் இப்படி அமையும்: "மேற்குத் தெரு, புல எண் இன்னது, வண்டிப்பாதைப் புறம்போக்கில், நியாய விலைக் கடை முதல் தெற்கு ஓடை வரை 120 மீட்டர் நீளத்துக்கு மூடியுடன் கூடிய கழிவுநீர் கால்வாய் அமைக்கவும், இதை வரும் ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் நிதிக்குழு மானியத்தின் சுகாதாரப் பங்கில் சேர்க்கவும் தீர்மானிக்கப்பட்டது." கையால் வரைந்த வரைபடம் ஒன்றையும் இணையுங்கள்.

நிதியின் பெயரைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2021–26க்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் பாதிப் பாதியாகக் கட்டுண்ட நிதி, அதாவது வேறு எதற்கும் செலவிடக் கூடாதது; மீதி 40 சதவீதம் உள்ளூர்த் தேவைக்கு. விகிதம் குழுவுக்குக் குழு மாறக்கூடியது என்பதால், நடப்பு நிலவரத்தை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் மக்கள் பணம் போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது: பொதுமக்கள் பங்கு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒன்று, ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒன்று. பாதிக்கு மேல் மக்கள் பணம் என்றால் வேலையை அவர்களே எடுத்துச் செய்யவும் வழி உண்டு.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுத் திட்டம் உருவாகும் காலம் என்பதால் அக்டோபர் 2-ஐத் தவறவிடாதீர்கள். குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த ஊராட்சியின் வாக்காளர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். ஊராட்சி செயலர் தீர்மானத்தை எழுதி, கூட்டத்தைக் கவனிக்க வரும் அரசு அலுவலரான பற்றாளர் முன்னிலையில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் நடைமுறை இதுவே.

கூட்டம் முடிந்த வாரமே தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம், கிராம ஊராட்சிப் பிரிவில், மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதமாகியும் பொறியாளர் அளக்க வரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல், மதிப்பீட்டின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். வேலை தொடங்கிவிட்டால், செய்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலை வாங்கி, அதில் எழுதியிருக்கும் நீளத்தையும் ஆழத்தையும் டேப் வைத்துத் தெருவில் அளந்து பாருங்கள். மூடிப் பலகை போடுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். போட்ட பிறகு ஆழம் தெரியாது.