கேள்வி பதில்: லினக்ஸ் லேப்டாப்பில் வயர் இணைப்பு

இன்று லேன் கேபிள் வழி வரும் இணைப்பு மட்டும். கேட்கும்போது மூன்று விவரம் கொடுங்கள்: கேபிளைச் செருகியதும் சாக்கெட்டில் விளக்கு எரிகிறதா, 'ஐபி அட்ரஸ்' என்று அடித்தால் வயர் கார்டின் வரியில் என்ன வருகிறது, எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை). கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

ஈரோடு: அக்கா, லினக்ஸ் மின்ட். கேபிள் செருகியிருந்தும் 'கேபிள் அன்பிளக்ட்' என்கிறது. விளக்கும் எரியவில்லை. அதே லேப்டாப்பில் விண்டோஸுக்குப் போனால் நெட் வருகிறது. எந்த டிரைவரை இறக்குவது?

பதில்: எதையும் இறக்காதீர்கள். 'ஐபி லிங்க்' அடியுங்கள். 'இஎன்பி' அல்லது 'இஎன்ஓ' என்று தொடங்கும் பெயர் வந்தாலே டிரைவர் ஏறிவிட்டது என்று பொருள். அந்த வரியில் 'நோ-கேரியர்' என்று இருந்தால் கார்டுக்கு மறுமுனையிலிருந்து சிக்னல் வரவில்லை. விண்டோஸில் ஓடுவதால் கேபிளும் ரூட்டரும் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது கார்டின் தூக்க நிலை.

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. ரியல்டெக் கார்டுகளில் 'ஷட்டவுன் வேக்-ஆன்-லேன்' (அணைந்த கணினியை லேன் வழி எழுப்புவது) என்ற அமைப்பு வேறு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கார்டைக் குறைந்த மின்சாரத்தில் விட்டுவிடும், லினக்ஸ் எழும்பும்போது கார்டு அதே நிலையில் கிடக்கும். முதலில் விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு, நேராக லினக்ஸில் நுழையுங்கள். விளக்கு எரிந்தால் காரணம் இதுவேதான். பிறகு விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் ஷட்டவுன் வேக்-ஆன்-லேனை 'டிசேபிள்' ஆக்குங்கள்.

கரூர்: உபுண்டு. விளக்கு எரிகிறது. 'கனெக்டிங்' என்று சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் தோற்றுவிடுகிறது. ஐபி இடத்தில் 'எஃப்இ80' என்று தொடங்கும் ஏதோ ஒன்றுதான் இருக்கிறது.

பதில்: 'எஃப்இ80' முகவரியை லேப்டாப் தானே உண்டாக்கிக்கொள்ளும், அதை வைத்து இணையம் போக முடியாது. சில டிஸ்ட்ரோக்களில் 169.254 என்று தொடங்கும் முகவரி வரும், அதுவும் இதே கதைதான். கம்பி பேசுகிறது, டிஹெச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) பேசவில்லை. நெட்வொர்க் மேனேஜர் 45 வினாடி காத்திருந்துவிட்டுக் கைவிடுகிறது.

ரூட்டர் வைத்திருக்கிறீர்களா, அல்லது கேபிள்காரர் கொடுத்த வயரை நேராக லேப்டாப்பில் செருகுகிறீர்களா? ரூட்டர் என்றால் வேறு போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள். ஃபைபர் பெட்டிகளில் ஒரு போர்ட் டிவிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கலாம். நேரடி வயர் என்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பு. அதற்கு டிஹெச்சிபி எத்தனை முறை கேட்டாலும் பதில் வராது. நெட்வொர்க் அமைப்பில் 'டிஎஸ்எல்/பிபிபிஓஇ' வகையில் புது இணைப்பு ஒன்றை உருவாக்குங்கள். இன்னொன்று, பழைய கணினியின் மேக் முகவரியோடு (கார்டின் வன்பொருள் எண்) உங்கள் கணக்கைப் பூட்டியிருப்பார்கள். கேபிள்காரரை அழைத்துப் புது மேக் முகவரியைப் பதியச் சொல்லுங்கள், 'ஐபி லிங்க்' வெளியீட்டில் 'லிங்க்/ஈதர்' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும்.

விருதுநகர்: மேடம், 300 எம்பிபிஎஸ் திட்டம். வைஃபையில் 250 வரை வருகிறது. லேன் கேபிளில் 94-ஐத் தாண்டவே இல்லை. ஃபெடோரா.

பதில்: 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் லிங்கில் பாக்கெட்டுகளின் தலைப்புப் பகுதிகள் (ஹெடர்) போக மிஞ்சுவது ஏறத்தாழ அவ்வளவுதான். 'சூடோ எத்டூல் இஎன்பி2எஸ்0' அடியுங்கள் (உங்கள் கார்டின் பெயரைப் போட்டு). மூன்று இடத்தைப் பாருங்கள். 'சப்போர்ட்டட் லிங்க் மோட்ஸ்' என்பதில் 1000 இல்லையென்றால் லேப்டாப் கார்டே 100 தான், விலை குறைந்த மாடல்களில் அப்படி உண்டு. 'லிங்க் பார்ட்னர் அட்வர்டைஸ்டு' என்பதில் 1000 இல்லையென்றால் ரூட்டரின் அந்த போர்ட் 100. ஒரே ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட் கொண்ட ஃபைபர் பெட்டிகள் நிறைய உண்டு, போர்ட்டின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இரண்டிலும் 1000 இருந்து 'ஸ்பீட்' மட்டும் 100 என்றால் குற்றவாளி கேபிள்.

ஏனென்றால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று அறுந்தாலும், பின்னில் சரியாகக் கடிபடாவிட்டாலும் கார்டு 100-க்கு இறங்கிவிடும். சில கார்டுகள் இறங்கவும் தெரியாமல் லிங்க் வந்து வந்து போகும்.

முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். கிளிப் கீழே, பற்கள் மேலே, செருகும் முனை உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெளி உறை கனெக்டருக்குள் நுழைந்து கவ்வப்பட வேண்டும், இல்லாவிட்டால் இழுபடும் ஒவ்வொரு முறையும் கம்பிகளே தாங்கும்.

பலர் செய்யும் பிழை, பச்சை ஜோடியை 3, 4-லும் நீல ஜோடியை 5, 6-லும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது. இரு முனையிலும் ஒரே மாதிரி வைத்திருப்பதால் எட்டு விளக்கு எரியும் மலிவு டெஸ்டர் 'சரி' என்றே காட்டும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இருந்தாக வேண்டும். பிரிந்தால் ஒன்றின் சிக்னல் மற்றதில் கசியும். டெஸ்டரை நம்பாமல் நிறத்தைக் கண்ணால் பாருங்கள்.

விருதுநகர்: அதுவரைக்கும் எத்டூலில் வேகத்தை 1000 என்று நாமே வைத்துவிடலாமா? ஆட்டோநெகோவை ஆஃப் செய்து?

பதில்: வேண்டாம். ஆட்டோநெகோசியேஷன் (இரு முனையும் வேகத்தைப் பேசி முடிவு செய்வது) இல்லாமல் செம்புக் கம்பியில் ஜிகாபிட் லிங்க் கிடையாது, தரநிலையே அப்படித்தான். 100-இல் வைத்து ஆஃப் செய்தால் இன்னும் மோசம்: மறுமுனை ஆட்டோவில் இருப்பதால் உங்கள் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இருபுறமும் பேசுவதா, மாறி மாறியா) என்னவென்று அதற்குத் தெரியாது, ஹாஃப் டூப்ளெக்ஸ், அதாவது மாறி மாறி என்று எடுத்துக்கொள்ளும். பிங் அழகாகப் போகும், கோப்பு இறக்கினால் நத்தையாகும். எங்கே படித்திருந்தாலும் இந்த யோசனையைப் பின்பற்றாதீர்கள்.

தென்காசி: விளக்கு எரிகிறது, கனெக்டிங் சுற்றுகிறது, ஐபி வரவில்லை.

பதில்: கரூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர்: ஐபி வருகிறது, 8.8.8.8-க்குப் பிங் போகிறது. எந்தத் தளமும் திறக்கவில்லை.

பதில்: பெயர் தேடல் (டிஎன்எஸ்: தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றுவது) நின்றிருக்கிறது. 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடித்து உங்கள் கார்டின் கீழ் டிஎன்எஸ் சர்வர் இருக்கிறதா பாருங்கள். 127.0.0.53 என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் சேவை. 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைக் கையால் திருத்தினால் அடுத்த முறை அழிந்துவிடும். இணைப்பின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் 'ஆட்டோமேட்டிக்' என்பதை அணைத்து 1.1.1.1 போட்டுப் பாருங்கள். விபிஎன் செயலி எதையாவது நிறுவி நீக்கியிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்.

சேலம்: அக்கா, டெபியன் 12, ரியல்டெக் 8111 கார்டு. பெரிய கோப்பு இறக்கும்போது நெட் துண்டாகிறது. 'டிமெஸ்ஜி' கட்டளை காட்டும் செய்திகளில் 'நெட்டெவ் வாட்ச்டாக்… டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட்' என்று வருகிறது. ஆர்8168 டிரைவர் போடச் சொல்கிறார்கள்.

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், தம்பி. லினக்ஸின் மையமான கர்னலோடு வரும் ஆர்8169 தான் உங்கள் கார்டுக்கானது. பெயரில் 9 இருப்பதால் தவறான டிரைவர் ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், 8168, 8111 எல்லாவற்றையும் அதுவே கவனிக்கிறது. நீங்கள் காட்டிய செய்தி பெரும்பாலும் பிசிஐ மின்சேமிப்பில், அதாவது ஏஎஸ்பிஎம்மில், கார்டு சரியாக விழிக்காததால் வருவது. சோதிக்க, 'க்ரப்' (லினக்ஸை ஏற்றும் நிரல்) அமைப்புக் கோப்பில் கர்னல் வரியில் 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' சேர்த்து, 'அப்டேட்-க்ரப்' ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். அதோடு 'எத்டூல் --செட்-இஇஇ இஎன்பி2எஸ்0 இஇஇ ஆஃப்' (இஇஇ என்பது லேன் லிங்கின் மின்சேமிப்பு). பயாஸ் புதுப்பிப்பு இருந்தால் அதையும் ஏற்றுங்கள். இவை எல்லாம் தோற்றால் பேக்போர்ட்ஸிலிருந்து (டெபியனின் புதிய பதிப்புத் தொகுப்புகள்) புதிய கர்னல். ஆர்8168 அதற்கும் பிறகுதான்.

திருச்சி: மன்னிக்கணும் மேடம், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆர்8168 ரியல்டெக் நிறுவனமே எழுதித் தருவது. கார்டைச் செய்தவர்களுக்குத் தெரியாததா? எங்கள் அலுவலக லேப்டாப்புகளில் அதைப் போட்ட பிறகுதான் துண்டிப்பு நின்றது.

பதில்: நின்றிருக்கும், நான் மறுக்கவில்லை. சில கார்டுகளில் அந்த டிரைவர் ஏஎஸ்பிஎம்மை வேறு விதமாகக் கையாளுகிறது. என் ஆட்சேபம் வேறு. அது கர்னலுக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்புக்கும் டிகேஎம்எஸ் (வெளி டிரைவர்களைத் தானாகக் கட்டும் கருவி) அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அந்தத் தொகுப்பு ஆர்8169-ஐத் தடைப்பட்டியலில் வேறு போட்டுவிடுகிறது. ஒருநாள் கம்பைல் தோற்றால் புது டிரைவரும் இல்லை, பழையதும் ஏறாது. நெட் இல்லாத லேப்டாப்பில் அதைச் சரிசெய்யும் கோப்புகளை எப்படி இறக்குவது?

திருச்சி: 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' மெட்டா தொகுப்பை நிறுவிவிட்டால் ஹெடர் (கம்பைலுக்குத் தேவையான கர்னல் கோப்புகள்) ஒவ்வொரு கர்னலோடும் தானாக வரும். டிகேஎம்எஸ் தோற்காது.

பதில்: ஹெடர் இல்லாமல் தோற்பது தீரும், சரிதான். அந்த டிரைவர் போடுபவர்கள் எல்லோரும் அதை நிறுவ வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கர்னலுக்குள் ஏதேனும் மாறி டிரைவரின் மூலநிரல் பின்தங்கினால் ஹெடர் இருந்தும் கம்பைல் ஆகாது. பேக்போர்ட்ஸ் கர்னல் போடுபவர்களுக்கு இது நேரும். அடுத்தது செக்யூர் பூட். கையெழுத்திடாத மாட்யூலை அது ஏற்றவிடாது, 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று நிற்கும். 'மோக்யூட்டில்' கொண்டு சாவியைப் பதிவது உங்களுக்குத் தெரியும். சேலத்துத் தம்பிக்குத் தெரியுமா? ஒரு கர்னல் வரியால் தீரக்கூடிய கோளாறுக்கு இத்தனையும் ஏன் சுமக்க வேண்டும்?

கோவை: இடையில் ஒரு சந்தேகம். என்னுடையது 8125, 2.5 ஜிகாபிட். இதற்கும் தனி டிரைவர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். 5.4 கர்னலிலிருந்து ஆர்8169 அதையும் ஓட்டுகிறது. டெபியன் 12-இல் இருப்பது 6.1.

திருச்சி: 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' கொடுத்தால் எல்லா பிசிஐ சாதனங்களின் மின்சேமிப்பும் பாதிக்கப்படலாம். லேப்டாப்பில் பேட்டரி முக்கியமில்லையா? அதையும் சொல்லுங்கள்.

பதில்: நியாயமான கேள்வி. அந்த வரி சோதனைக்குத்தான். அதனால் துண்டிப்பு நின்றால் வரியை எடுத்துவிட்டு, வயர் கார்டுக்கு மட்டும் அணைக்கலாம். 'எல்எஸ்பிசிஐ'யில் கார்டின் எண்ணைப் பாருங்கள், உதாரணமாக 02:00.0. 'சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்' அடைவில் அந்த எண்ணின் கீழ் 'லிங்க்' என்ற அடைவும், அதற்குள் 'எல்1_ஏஎஸ்பிஎம்' என்ற கோப்பும் இருக்கும். ரூட்டாக அதில் 0 எழுதினால் போதும். ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க 'டிஎம்பிஃபைல்ஸ்.டி'யில் 'டபிள்யூ' வகை வரி ஒன்று சேருங்கள். பேட்டரி காப்பாற்றப்படும், கர்னல் டிரைவரும் இருக்கும்.

சேலம்: க்ரப் வரி போட்டு ரீபூட் செய்து 8 ஜிபி கோப்பு ஒன்றை இறக்கினேன் அக்கா. துண்டாகவில்லை.

பதில்: இனி அந்த வரியை எடுத்துவிட்டு 'எல்1_ஏஎஸ்பிஎம்' வழிக்கு மாறுங்கள்.

திருச்சி: இந்த வழியை நானும் ஒரு லேப்டாப்பில் பார்க்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஓடுவதை மாற்ற மாட்டேன்.

பதில்: ஓடுவதை மாற்ற வேண்டாம். செக்யூர் பூட் நிலையை மட்டும் குறித்துவையுங்கள்.

ஓசூர்: டிமெஸ்ஜியில் 'ஆர்டிஎல்_என்ஐசி… ஃபர்ம்வேர் ஃபெயில்டு, எரர் -2'. டிரைவர் எது?

பதில்: டிரைவர் இருக்கிறது. குறைவது ஃபர்ம்வேர் கோப்பு. பெரும்பாலும் அது இல்லாமலும் கார்டு ஓடும். டெபியனில் 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' நிறுவினால் செய்தி போய்விடும். நெட் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போடுங்கள், லினக்ஸ் அதை வயர் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் கேட்காது.

தஞ்சாவூர்: சில தளங்கள் மட்டும் திறக்காமல் தொங்குகின்றன. கூகுள் உடனே வருகிறது. பிபிபிஓஇ இணைப்பு.

பதில்: எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-க்குப் பதில் 1492 தான் கிடைக்கும். 'பிங் -எம் டூ -எஸ் 1472 8.8.8.8' (எம் பெரிய எழுத்து, எஸ் சிறிய எழுத்து; 'டூ' எண் அல்ல, டி, ஓ என்ற எழுத்துகள்) தோற்று, 1464 போனால் இதுதான். 28 பைட் தலைப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரூட்டரில் எம்டியூவை 1492 ஆக்குங்கள். ரூட்டரைத் தொட முடியாவிட்டால் லேப்டாப் இணைப்பின் ஈதர்நெட் பக்கத்தில் மாற்றுங்கள்.

கடலூர்: இடி மழைக்குப் பிறகு போர்ட் விளக்கே எரியவில்லை. வைஃபை வேலை செய்கிறது.

பதில்: வேறு கேபிள், வேறு ரூட்டர் போர்ட் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் 'நோ-கேரியர்' என்றால், அல்லது 'எல்எஸ்பிசிஐ'யில் கார்டே காணவில்லை என்றால், போர்ட் கருகியிருக்கும். யூஎஸ்பி-லேன் அடாப்டர் வாங்குங்கள். ரியல்டெக் 8153 சில்லுள்ளதென்றால் கர்னலின் ஆர்8152 எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள், யூஎஸ்பி 2-இல் ஜிகாபிட் வராது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கி வரும் செம்பு லேன் வயர் மின்னலின் மின்னழுத்தத்தை நேராக லேப்டாப்புக்குக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்கத் தொடங்கும் முன்பே வயரைக் கழற்றுங்கள். லேப்டாப்பை அணைத்தால் மட்டும் போதாது.

நாமக்கல்: வைஃபை மெதுவாக இருக்கிறது…

பதில்: இன்று வயர் மட்டும்.

மதுரை: லேப்டாப் தூங்கி எழுந்ததும் வயர் நெட் போய்விடுகிறது. ரீபூட் செய்தால் வருகிறது. ஆர்8169 தான்.

பதில்: ரீபூட் வேண்டாம். 'சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்8169', பிறகு 'சூடோ மோட்ப்ரோப் ஆர்8169'. வந்துவிட்டால் இந்த இரண்டு வரியையும் ஒரு சிறு ஸ்கிரிப்டாக்கி 'சிஸ்டம்டி' அடைவின் 'சிஸ்டம்-ஸ்லீப்' பகுதியில் வைத்து, எழும்போது மட்டும் ஓடும்படி 'போஸ்ட்' நிபந்தனை கொடுங்கள். ஓடும் அனுமதி தர 'சிஹெச்மோட் +எக்ஸ்' மறக்க வேண்டாம். டிஎல்பி (பேட்டரி சேமிப்புக் கருவி) நிறுவியிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை தூங்கவைத்துப் பாருங்கள். அப்போது சரியாக எழுந்தால் ஸ்கிரிப்ட் தேவையில்லை, டிஎல்பி அமைப்பில் இந்தக் கார்டை விலக்கினால் போதும்.