சாவைச் சொல்லித் தொடங்கும் காதல்

வணக்கம் ஐயா.

போன வாரம் ஜே.பி. நகரில் ‘ரோமியோ ஜூலியட்’ பார்த்தோம். காதலர் இருவரும் சாவார்கள் என்று தொடக்கத்திலேயே ஒருவர் வந்து சொல்லிவிடுகிறார். அப்புறமும் ஷேக்ஸ்பியர் ஏன் காட்சிக்குக் காட்சி சாவையே கோடி காட்டுகிறார்? பி.யூ. படிக்கும் என் மகளுக்குக் கதை முழுக்கத் தெரியும். ஆனாலும், ஜூலியட் சாகவில்லை, மருந்து குடித்துச் செத்ததுபோலத் தூங்குகிறாள் என்று ரோமியோவுக்குப் பாதிரியார் எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை என்ற இடத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்.ஆர்., அல்சூர், பெங்களூரு

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் மகள் கையைப் பிடித்தாளே, அதற்காகத்தான். முடிவு தெரிந்துவிட்டால் அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் நமக்கு வேறாகக் கேட்கிறது. ரோமியோவைச் சந்தித்த இரவே, ‘அவன் மணமானவனாக இருந்தால் கல்லறைதான் என் மணக்கட்டில்’ என்கிறாள் ஜூலியட். பதினான்கு வயது முடியாத பெண்ணின் ஆசைப்பேச்சு அது. நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியைக் கவனித்திருப்பீர்கள். விடிகிறது. நாடு கடத்தப்பட்ட ரோமியோ நூலேணியில் இறங்குகிறான். மேலே நிற்கும் ஜூலியட்டுக்கு அவன் கல்லறையின் அடியில் கிடக்கும் பிணம்போலத் தெரிகிறான். என் கண் மங்கிவிட்டதா, நீ வெளிறியிருக்கிறாயா என்று கேட்கிறாள். நீயும் அப்படித்தான் தெரிகிறாய் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவனை அவள் உயிரோடு பார்ப்பது அதுவே கடைசி. அடுத்து அவள் கண் விழிப்பது கல்லறையில், அவன் பிணத்தருகே.

நாடு கடத்தப்பட்டுப் போன மாந்துவா நகரில் ரோமியோ காணும் கனவு இன்னும் கொடுமை. தான் செத்துக் கிடந்ததாகவும் அவள் வந்து முத்தமிட்டு உயிர் கொடுத்ததாகவும் கனவு. நல்ல சேதி வரப்போகிறது என்று மகிழ்கிறான். வருவது அவள் இறந்த சேதி. கடைசியில் அவள் முத்தமிடத்தான் செய்கிறாள், அவன் குடித்துச் செத்த விஷம் உதட்டில் மிச்சமிருக்காதா என்று. உதடு இன்னும் சூடாக இருக்கிறது. சில நிமிடம் முன்னால் விழித்திருந்தால்!

குறிப்புகள் இப்படி அடுத்தடுத்து வருவதற்கு நாடகத்தின் வேகமும் காரணம். மூலமான ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையில் மாதக்கணக்கில் நடப்பதை ஷேக்ஸ்பியர் ஞாயிறு தொடங்கி வியாழன் விடிவதற்குள் முடித்துவிடுகிறார்.

நம் சிலப்பதிகாரத்திலும் முன்னுரையான பதிகமே கதையைச் சொல்லிவிடுகிறது. பிறகு கண்ணகியின் கனவு. பிறகு, சிலம்பை விற்கப் புறப்பட்ட கோவலனுக்கு எதிரே ஒரு காளை வருகிறது. அது தீநிமித்தம் என்று அறியும் வழக்கம் அவன் குலத்துக்கு இல்லை என்கிறார் இளங்கோ. என்னைக் கேட்டால், ஜூலியட்டின் எந்த வரியையும்விட இது கூர்மையானது. ஜூலியட்டாவது பயந்தாள். கோவலனுக்கு அதுகூட இல்லை.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு 1623இல் வந்த முதல் பெருந்தொகுப்பில், சாவை முன்கூட்டிச் சொல்லும் அந்தத் தொடக்கப் பாட்டு கிடையாது. அதை விட்டுவிட்டு முதல் இரண்டு அங்கங்களை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். கல்லறை, மணக்கட்டில் வரி அப்போது எப்படிக் கேட்டது என்று எனக்கு எழுதட்டும்.