டாலர் வருகிறதே, நட்டம் எங்கே?

கேள்வி: நான் பொருளியல் முதுகலை மாணவி. சட்டவிரோதப் போதைப் பயிர் சாகுபடி ஒரு நாட்டின் முறைசார்ந்த, அதாவது பதிவுபெற்று வரி கட்டி நடக்கும், பொருளாதாரத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. ஆப்கானிஸ்தானில் அபின் ஜிடிபியில் இத்தனை சதவீதம், கொலம்பியாவில் கோகைனுக்கான கோகா இத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டுவிட்டேன். அதற்கு மேல் நகர முடியவில்லை. வெளியிலிருந்து டாலர் வருகிறது, விவசாயக் குடும்பம் பிழைக்கிறது. அப்படியானால் நட்டம் என்று எதைக் காட்டுவது? எந்த நாட்டை எடுத்துக்கொள்வது?

பதில்: அந்த அட்டவணையை முதல் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள். அது தவறு என்று சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு அதில் விடை இல்லை, அவ்வளவுதான்.

2021இல் ஆப்கானிஸ்தானின் அபின் சார்ந்த மொத்த வருமானத்தை ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 180 கோடி முதல் 270 கோடி டாலர் வரை, அதாவது ஜிடிபியில் 9 முதல் 14 சதவீதம் வரை என்று மதிப்பிட்டது. இடைவெளியைப் பாருங்கள்: கீழ் மதிப்புக்கும் மேல் மதிப்புக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம். இந்தத் தொகைக்குள் விவசாயிக்குக் கிடைத்தது, வியாபாரி எடுத்துக்கொண்டது, எல்லை தாண்டும்போது கூடிய விலை எல்லாம் அடக்கம். ஐரோப்பியத் தெருவில் விற்கும் சில்லறை விலையை உற்பத்தியோடு பெருக்கி, அத்தனையும் ஆப்கானிஸ்தானுக்கு வருவதாகக் காட்டும் ஆய்வேடுகளை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அந்தப் பணத்தின் பெரும்பகுதி பயிர் விளைந்த நாட்டை எட்டிப் பார்ப்பதே இல்லை.

எவ்வளவு பணம் என்று கேட்பதைவிட, எந்த வாசல் வழியாக நாட்டுக்குள் நுழைகிறது என்று கேளுங்கள். நட்டம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

1970களின் கொலம்பியாவை எடுத்துக்கொள்வோம். லா குவாஹிரா பகுதியிலிருந்து கஞ்சா ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த காலம். அதே சமயம், 1975இல் பிரேசிலின் காப்பித் தோட்டங்களைப் பனி கருக்கியதால் உலகச் சந்தையில் காப்பி விலையும் ஏறியது. டாலர் இரண்டு பக்கமும் குவிந்தது. எங்கிருந்து வந்தது என்று துருவாமல் டாலரை வாங்கிக்கொள்ள மத்திய வங்கியிலேயே ஒரு கவுண்ட்டர் இயங்கியது. டாலர் பெருகினால் உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு நிஜ அளவில் உயரும். ஏற்றுமதியாளருக்குக் கட்டுப்படியாகாது, இறக்குமதிச் சரக்கு மலிவாகும். பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த டச்சு நோய் இதுதான். ஆனால் காப்பியின் விளைவையும் கஞ்சாவின் விளைவையும் பிரித்துக் காட்டுவது கடினம் என்பதை ஆய்வேட்டில் நீங்களே எழுதிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது.

பின்னாளில் இந்த வாசல் இன்னும் நுட்பமானது. அமெரிக்காவில் கோகைன் விற்றவனிடம் டாலர் நோட்டுகள் குவிந்திருக்கின்றன. அவனுக்கு வேண்டியது கொலம்பியாவில் அந்நாட்டு நாணயமான பெசோ. ஒரு தரகர் அந்த டாலரைத் தள்ளுபடி விலையில் கொலம்பிய இறக்குமதியாளருக்கு விற்கிறார். இறக்குமதியாளர் கொடுத்த பெசோ, கோகைன் விற்றவனின் ஊரில் இருக்கும் கூட்டாளிக்குப் போய்விடுகிறது. அந்த டாலரைக் கொண்டு அமெரிக்காவிலோ பனாமாவிலோ சலவை இயந்திரம், சிகரெட், துணிமணி என்று வாங்கி, மதிப்பைக் குறைத்துக் காட்டியோ மொத்தமாகக் கடத்தியோ உள்ளே கொண்டுவருகிறார்கள். இந்தச் சுற்றில் எல்லை தாண்டியது சரக்கு மட்டும்தான். ஒரு டாலர்கூட வங்கி வழியாக நாட்டுக்குள் வரவில்லை.

இப்போது கொலம்பியாவில் ஒரு துணி ஆலை நடத்துபவரின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் சுங்கவரி கட்டிப் பஞ்சு வாங்குகிறார், தொழிலாளிக்குச் சேமநிதி கட்டுகிறார், விற்பனை வரி செலுத்துகிறார். கடத்தல் துணி விற்கும் எதிர்க் கடைக்காரருக்கோ மலிவு டாலரும் கட்டாத வரியும் முதலிலேயே கிடைத்துவிட்டன. துணியை அடக்க விலைக்கே தள்ளினாலும் அவருக்கு நட்டமில்லை. கொலம்பிய நகரங்களின் சான் ஆண்ட்ரெசிட்டோ சந்தைகளில் கடத்தல் சரக்கு மலிவாகக் கிடைத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. ‘டாலர் வருகிறதே’ என்ற உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இது: அந்த டாலர் பல சமயம் போட்டிச் சரக்காக வருகிறது, வரி கட்டும் தொழிலின் சந்தையைத் தின்கிறது.

அடுத்த வாசல் எரிபொருள். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். கோகா இலையை நறுக்கி, சிமெண்டோ சுண்ணாம்போ தூவி, பெட்ரோலில் ஊறவைத்துத்தான் கோகைனுக்கு மூலமான பசையாக மாற்றுகிறார்கள். அதற்கு ஏராளமான எரிபொருள் வேண்டும். கொலம்பியாவின் கட்டாட்டும்போ, நரினோ பகுதிகளில் கச்சா எண்ணெய்க் குழாய்களில் துளைபோட்டுத் திருடி, காட்டுக்குள்ளேயே காய்ச்சி வடித்துப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் நிறுவனத்துக்குக் கச்சா எண்ணெய் போயிற்று, அரசுக்கு உரிமத்தொகை போயிற்று, கசிந்த எண்ணெய் ஆற்றில் கலந்தால் மீன்பிடித் தொழிலும் போயிற்று. இவை எதுவும் ‘கோகா சதவீதம்’ என்ற உங்கள் அட்டவணையில் வராது.

நிலமும் கூலியும் கடனும் மூன்றாவது வாசல். இதற்கு ஆப்கானிஸ்தானைவிட நல்ல உதாரணம் இல்லை. அபின் எடுக்கும் வேலையைக் கவனியுங்கள். பிற்பகலில் கசகசாச் செடியின் பச்சைக் காயில் மெல்லிய கீறல்கள் போட வேண்டும். இரவு முழுக்கப் பால் வடிந்து இறுகும். காலையில் வந்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே காயை நாட்கள் இடைவிட்டுத் திரும்பத் திரும்பக் கீற வேண்டும். கோதுமைக்குத் தேவைப்படும் ஆட்களைப்போல் பல மடங்கு ஆட்கள் வேண்டும். அறுவடைக் காலத்தில் வேறு மாகாணங்களிலிருந்தும் கூலிகள் வருவார்கள், கூலி ஏறும். மற்றப் பயிர் வைத்தவர் அந்தக் கூலி கொடுத்து ஆள் பிடிக்க முடியாமல் தவிப்பார்.

கடன் கதை இன்னும் சிக்கலானது. வங்கி எட்டாத ஊரில், வரப்போகும் அபினுக்கு வியாபாரி முன்பணம் தருகிறார். சலாம் என்று அங்கே சொல்வார்கள். சந்தை விலையில் பாதிக்குக்கூட அபினை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதுண்டு. கோதுமைக்கு இப்படிக் கொடுப்பார் இல்லை. அபின் கெடாது, எடை குறைவு, வாங்க ஆள் எப்போதும் உண்டு. அதாவது அபின் அங்கே பயிர் மட்டுமல்ல, அடமானமும் சேமிப்பும்கூட. பயிரை அழித்தால் கடன் அழியாது. 2000இல் தாலிபான்கள் விதித்த முதல் தடைக்குப் பிறகு விலை பல மடங்கு ஏறியபோது, அபின் எடையில் கடன் எழுதியிருந்தவர்களின் பாக்கியும் அதே வேகத்தில் ஏறியது; நிலத்தை இழந்தவர்கள் உண்டு, கடனுக்கு ஈடாகப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களும் உண்டு.

வரியே இல்லாத பொருளாதாரம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வரி கறாராகவே வசூலானது. ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று உஷ்ர் வாங்கினார்கள். கொலம்பியாவில் ஃபார்க் கெரில்லாக்கள் பசையின் எடைக்கு ஏற்பக் கப்பம் வாங்கினார்கள். கருவூலத்துக்குப் போகவில்லை என்பதுதான் வேறுபாடு.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2022 ஏப்ரலில் தாலிபான் அரசு தடை விதித்தது. அந்த ஆண்டு 2,33,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி 2023இல் 10,800 ஹெக்டேராகச் சரிந்தது. விவசாயிகளின் அபின் வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடியாக விழுந்தது. அந்தப் பணத்தில்தான் மருந்து, மாவு, மோட்டார்சைக்கிள் எல்லாம் வாங்கினார்கள்; அவற்றில் பல இறக்குமதி, சுங்கவரி கட்டி வந்தவை. பணம் நின்றால் வரி கட்டும் கடைக்காரருக்கும் அடி. அதே நேரம் தடைக்கு முன் கிலோவுக்குச் சுமார் 100 டாலராக இருந்த அபின் விலை 2024 முதல் பாதியில் 730 டாலர் அளவுக்கு ஏறியதால், சரக்கைப் பதுக்கிவைத்திருந்த பெரிய கை கொழுத்தது. ஆகவே பயிர் இருப்பதும் பாதிப்பு, திடீரென்று நிறுத்துவதும் பாதிப்பு. இரண்டையும் தனித்தனி அத்தியாயத்தில் வையுங்கள்.

துருக்கிக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். அமெரிக்க நெருக்குதலால் 1971இல் கசகசா சாகுபடிக்குத் தடை அறிவித்த அந்நாடு, 1974இல் தடையை விலக்கி உரிமம் பெற்ற விவசாயிகளை மட்டும் அனுமதித்தது. காயைக் கீறவிடாமல் உலர்ந்த காயாகவே அரசு வாங்கி மருந்துக்குப் பயன்படுத்தியது. அதே செடிதான். வாங்குபவரும் ரசீதும் மாறியதும், வருமானம் கணக்குப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

நாடு எது என்றால், கொலம்பியாவையே எடுங்கள். ஆப்கானிஸ்தானில் நகரம், மாவட்டம் வாரியாக நம்பத்தக்க பொருளாதாரத் தரவு கிடைப்பது அரிது. கொலம்பியாவில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஐ.நா. ஆண்டுதோறும் கோகாப் பரப்பை வெளியிடுகிறது; 2023இல் அது 2,53,000 ஹெக்டேர். அதை நகராட்சிவாரி (அங்கே கிராமப்புறமும் நகராட்சிக்குள் அடக்கம்) வரி வசூலோடு பொருத்திப் பாருங்கள்.

ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். கோகா அதிகமுள்ள நகராட்சிகளில் வரி வசூல் குறைவாகவே இருக்கும். அதனால் கோகாதான் காரணம் என்று எழுதினால் தேர்வாளர் சிரிப்பார்: சாலையும் வங்கியும் காவல் நிலையமும் இல்லாத இடத்தைத் தேடித்தான் கோகா போகிறது, அங்கே வரி முன்பே குறைவு. ஒரு நகராட்சியை இன்னொன்றோடு ஒப்பிடாமல், அதே நகராட்சியை அதற்கே முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். வெளியிலிருந்து வந்த அதிர்ச்சி, அதாவது அந்த ஊரின் கையில் இல்லாத திடீர் மாற்றம், உங்களுக்கு வேண்டும். விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளிப்பது 2015இல் நிறுத்தப்பட்டது ஒன்று. 2022 வாக்கில் பல பகுதிகளில் இலை வாங்க ஆள் இல்லாமல் விலை சரிந்தது மற்றொன்று. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அந்தப் பகுதிகளின் சில ஊர்களில் மளிகைக் கடையில்கூடப் பணத்துக்குப் பதில் கோகாப் பசையைத் தராசில் நிறுத்துக் கொடுத்து அரிசி வாங்கும் வழக்கம் இருந்தது. பசைக்கு விலை இல்லாமல் போனபோது அங்கே பதிவுபெற்ற கடைகளின் விற்பனையும் வரியும் என்ன ஆயின என்று பாருங்கள். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு அந்த ஒரு கேள்வியே போதும்.