ஸ்காட்லாந்தில் மூன்று நாள் மிச்சம் இருந்தால் ஓர்க்னிக்குப் போங்கள்

எடின்பரோவும் நெஸ் ஏரியும் பார்த்தாயிற்று, இன்னும் மூன்று நாள் இருக்கிறது, பழங்காலச் சின்னங்கள் நிறைந்த ஒரு பகுதியைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சொல்வேன்: ஓர்க்னித் தீவுகள்.

ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடமுனைக்கும் அப்பால் சுமார் 70 தீவுகள். ஆள் குடியிருப்பது இருபது சொச்சத்தில்தான். பெருநிலத்தின் வடகரையில் உள்ள ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்தில் காரோடு கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஓர்க்னியின் ஸ்ட்ராம்னஸ் துறைமுகம். வழியில் உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். ஹாய் தீவின் ஓரத்தில், கடலில் தனியாக நிற்கும் 137 மீட்டர் உயரப் பாறைத் தூணை மேல்தளத்திலிருந்து பார்க்கலாம்.

முதலில் ஸ்காரா பிரே. 1850இல் ஒரு பெரும் புயல் மணல்மேட்டைப் பிய்த்தெறிந்தபோது வெளியே வந்த கற்காலக் கிராமம். வயது சுமார் 5000, எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் மூத்தது. வீடுகளுக்குள் இறங்க விடமாட்டார்கள்; மேலே நடைபாதையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் அடுப்பு, இரு பக்கமும் கட்டில், வாசலுக்கு எதிரே அலமாரி. அத்தனையும் கல். ஓர்க்னியில் மரம் அரிது. அந்த ஊர் மணற்கல்லோ பலகை பலகையாகப் பிளக்கும், அதையே எடுத்து வீட்டுச் சாமான் செய்துகொண்டார்கள். மரத்தில் செய்திருந்தால் என்றோ மக்கிப் போயிருக்கும். அந்த அலமாரியைப் பார்த்தபோது, யாரோ இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் மேஸ்ஹவ். வெளியே பார்த்தால் வெறும் புல்மேடு. முதுகை நன்றாக வளைத்து ஒரு நீண்ட பாதையில் நுழைந்தால், உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய கல்லறை அறை. டிசம்பர் கடைசியை ஒட்டிய குறுகிய நாட்களில் மறையும் சூரியனின் ஒளி அந்தப் பாதை வழியே வந்து பின்சுவரில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் உள்ளே புகுந்த நார்ஸ் ஆட்கள் (வைக்கிங் வழிவந்தவர்கள்) சுவரெல்லாம் ரூன் என்னும் தங்கள் பழைய எழுத்தில் கிறுக்கி வைத்தார்கள். இங்கிகெர்த் என்ற பெண்தான் பேரழகி என்கிறது ஒன்று. இதை உயரத்தில் செதுக்கியது நான்தான் என்று பெருமை அடிக்கிறது இன்னொன்று. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், அதனால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

பக்கத்திலேயே பிராட்கர் கல்வட்டம். குறுக்களவு 104 மீட்டர், கட்டணம் கிடையாது. மாலை வெயிலில் போங்கள். கிர்க்வால் ஊரில் 1137இல் கட்டத் தொடங்கிய செயின்ட் மேக்னஸ் பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் போதும்; சிவப்பும் மஞ்சளுமான மணற்கற்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் லாம் ஹோம் என்னும் சிறு தீவில் உள்ள இத்தாலியத் தேவாலயத்துக்குப் போங்கள். 1939 அக்டோபரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி ஓர்க்னியில் இருந்த ஸ்காபா ஃப்ளோ கடற்படைத் துறைக்குள் நுழைந்து பிரிட்டனின் ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு தீவுகளுக்கு நடுவே கான்கிரீட் தடுப்புகள் கட்ட சர்ச்சில் உத்தரவிட்டார். அந்த வேலைக்கு வந்தவர்களில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகளும் உண்டு. கும்பிட ஓர் இடம் கேட்டார்கள். கிடைத்தது வளைந்த தகரக் கொட்டகைகள் இரண்டு. இரண்டையும் ஒட்டவைத்து, முகப்பைக் கான்கிரீட்டில் எழுப்பி, இறைச்சி டப்பாத் தகரத்தில் விளக்குகள் செய்தார்கள். உள்ளே செங்கல் போலத் தெரிவதெல்லாம் தூரிகை வேலை. அருகில் போய்ப் பார்க்கும்வரை நான் நம்பவில்லை. பீடத்துக்கு மேலே உள்ள மாதா ஓவியம், டொமினிகோ கியோக்கெட்டி என்ற கைதி தன் அம்மா கொடுத்த சிறு படத்தைப் பார்த்து வரைந்தது. மற்றவர்களை வேறிடம் கொண்டுபோன பிறகும், ஞானஸ்நானத் தொட்டியை முடிப்பதற்காக அவர் தங்கினார். 1960இல் மறுபடி வந்து, மங்கிய ஓவியங்களைத் தன் கையாலேயே சீர்செய்தார்.

கார் இருந்தால் அங்கிருந்து தெற்கே போங்கள். அந்தத் தடுப்புகள்தான் இப்போது சாலை. எதிரியை மறிக்க முன்பே மூழ்கடித்திருந்த பழைய கப்பல்களின் துருப்பிடித்த எலும்புகள் வழியில் நீருக்கு மேலே தெரியும்.