ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சென்னையில் ஓவியம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. வரையப் பிடிக்கும், ஊர் சுற்றப் பிடிக்கும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் ஆற்றில் எண்ணெய் வந்தபோது நண்பர்களோடு போய்ப் பதாகைகள் எழுதிக் கொடுத்தேன். அப்போதிருந்து சுற்றுச்சூழல் கூட்டங்களுக்கும் போகிறேன். வீட்டில் அப்பா, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்கிற, ஒண்ணுலயும் தேற மாட்ட" என்கிறார். கல்லூரி சீனியர் ஒருவர், போராட்டத்துக்கு வரைவதெல்லாம் கலை இல்லை, போஸ்டர் என்கிறார். போராட்டத்தில் இருப்பவர்களோ, களத்துக்கு வந்துவிட்டு நோட்டில் கிறுக்கிக்கொண்டு உட்காராதே என்கிறார்கள். சேர்த்து வைத்திருக்கும் 18,000 ரூபாயில் இமயமலையில் இருக்கும் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போக ஆசை, இப்போது அதை நினைத்தாலும் குற்ற உணர்வாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சொல்லுங்கள்.

க., சென்னை

*

அன்புள்ள க.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். எதையும் விடாதே. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், நாலு ஆசை இருப்பது உன் சிக்கலாக எனக்குத் தெரியவில்லை. நாலையும் நாலு இடத்தில் வைத்திருக்கிறாய், அதுதான் சிக்கல். வரைவது கல்லூரி அறையில், போராட்டம் எண்ணூரில், சுற்றுச்சூழல் கூட்ட அரங்கில், பயணம் இமயமலையில். ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் திரும்பத் திரும்ப அங்கேயே போய்ப் பார்.

அப்பா சொன்ன பழமொழியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது எண்ணூர்தான். அங்கே கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண் ஒருவரை ஒரு காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவியபடி மெதுவாக நகர்கிறார். பறியின் விளிம்பைப் பல்லால் கடித்திருக்கிறார், கிடைக்கும் இறால் அதற்குள் போகிறது. பனையோலையில் முடைந்த சின்னப் பை அது. வாயில் பறி இருப்பதால் பேச்சே இல்லை, கண்ணும் தண்ணீரைப் பார்ப்பதில்லை, எங்கோ எதிரே பார்க்கிறது. பார்ப்பதெல்லாம் விரல்தான். கரையேறியதும் கையைக் காட்டினார், விரல் நுனியெல்லாம் சிப்பி கிழித்த கீறல்கள். அடியில் இருக்கும் சேறு எந்தச் சேறு, சாம்பல் கலந்ததா கலக்காததா என்று தொட்டதும் சொல்லிவிடுவேன் என்றார். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் சேறு சிமென்ட் மாதிரி இறுகிவிடுமாம், அதில் இறால் ஒதுங்காதாம்.

இதை நான் போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீரில் ஒரு தலை, பின்னால் புகைபோக்கி, அவ்வளவுதான். எண்ணூரைப் பற்றி வரும் எல்லாப் படமும் அந்தப் படம்தான். கைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அதில் இல்லை. அதை வரையத்தான் முடியும், கேட்டுக் கேட்டு வரைய வேண்டும். பறியை எப்படி முடைகிறார்கள், அளவு என்ன, எந்த விரல் முதலில் போகிறது, இதெல்லாம் தெரியாமல் கோடு போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த அடத்துக்காகவே நோட்டோடு களத்துக்குப் போ என்கிறேன்.

சீனியருக்குப் பதில் சொல்ல வங்க ஓவியர் சித்தபிரசாத் இருக்கிறார். 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, சாகக் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். இன்னார், இந்த ஊர், குடும்பத்தில் யார் யார் போனார்கள் என்று குறித்தும் வைத்தார். அந்தப் படங்களும் குறிப்புகளும் சிறு நூலாக வந்தபோது ஆங்கில அரசு பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. அவர் வரைந்தது கலையா போஸ்டரா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம், ஆனால் அரசாங்கம் பயந்தது அந்தப் பெயர்களையும் பார்த்துத்தான் என்று நான் நம்புகிறேன். பொதுவாக 'பசித்த மனிதன்' என்று வரைந்தால் யாருக்கும் உறுத்தாது. உன் பதாகைகளில் என்ன வரைந்தாய்? பூமி உருண்டை அழுவது மாதிரியா? அப்படி வரைந்திருந்தால் சீனியர் சொன்னதில் பாதி சரி. அடுத்த முறை காக்கா ஆழியை வரை. இந்தக் கரைக்குப் புதிதாக வந்து அடிமண் முழுக்கப் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொண்ட அந்நியச் சிப்பி அது. அது வந்த இடத்தில் இந்தக் கரைக்கே உரிய மஞ்ச மட்டிச் சிப்பி இருப்பதில்லை, இறாலுக்கும் இடமில்லை என்று எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நகரத்தில் எத்தனை பேருக்கு அதன் உருவம் தெரியும்?

அப்புறம், நோட்டில் கிறுக்காதே என்று சொன்ன தோழர்களுக்கு ஒன்று. எண்ணூர்ச் சண்டையில் ஒரு பெரிய பங்கு வரைபடத்தைப் பற்றியது. 1996ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய இன்னொரு வரைபடத்தில், ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பு இருந்த இடத்தில் கழிமுகமே இல்லை என்று 2017 வாக்கில் மீனவர்களும் செயல்பாட்டாளர்களும் பொதுவில் குற்றம் சாட்டினார்கள். தண்ணீர் அங்கேயேதான் இருந்தது, கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது, கோடு மட்டும் போய்விட்டது. கோடு போனால் சட்டப் பாதுகாப்பும் போய்விடும். வரையத் தெரிந்த ஒரு பெண் அங்கே வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது, க. காட்டுக்குப்பத்திலோ முகத்துவாரக்குப்பத்திலோ வயதானவர் ஒருவரோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் என்ன மீன், யாருக்கு எந்த நாளில் எந்தப் பாடு, எந்த வாய்க்கால் தூர்ந்தது என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல வரைந்து பார். பாடு என்பது வலை போடும் இடத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அந்த இடங்களின் பெயர்களை அரசாங்க வரைபடத்தில் தேடாதே, அவை அவர்கள் வாயில்தான் இருக்கின்றன.

எண்ணூர் மனதுக்குப் பாரமாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. 1988ல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்னும் நடக்கிறது. ஜனவரியிலிருந்து ராத்திரி ராத்திரியாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடப்பார்கள். முட்டை கிடைத்தால் குழியின் ஆழத்தையும் அகலத்தையும் பார்த்து, பொரிப்பகத்தில் அதே மாதிரி கழுத்து குறுகி அடி அகன்ற சொம்பு வடிவில் குழி தோண்டி வைப்பார்கள். கல்லூரி நாளில் நானும் நடந்திருக்கிறேன். முதல் முறை முட்டையைக் கையில் வாங்கியபோது, ஓடு விரலுக்கு லேசாக அமுங்கியது, அந்த அமுங்கல் இன்றைக்கும் கையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் இதே கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகள் நூற்றுக்கணக்கில். நடப்பவர்கள் ஒவ்வொன்றையும் குறித்ததால்தான் அந்தக் கணக்கு ஊருக்குத் தெரிந்தது.

அப்பாவின் கவலையைத் தள்ளிவிடாதே, அது சோற்றுக் கவலை. 1966ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்களே, அவர்களுக்கும் ஓவியம் விற்கவில்லை. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள், சாப்பிட்டார்கள், மிச்ச நேரத்தில் வரைந்தார்கள். கைத்தொழில் ஒன்றை இப்போதே கற்றுக்கொள், புத்தக வடிவமைப்போ அச்சுக்கு வரைவதோ எதுவாவது. அதை அப்பாவிடம் சொல், எண்ணூருக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டும் போ.

ஸ்பிட்டிக்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். பத்தொன்பது இருபது வயதில் மலையைப் பார்க்க ஆசைப்படுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் போ. ஒரு கழிமுகத்தைப் பன்னிரண்டு மாதம் பார்த்த கண்ணோடு போனால், அங்கே பட்டாணி வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்கத் தோன்றும், அப்படிக் கேட்கிற ஆளை எந்த ஊரிலும் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

அதுவரை கும்மிடிப்பூண்டி மின்ரயில். எண்ணூர் தாண்டியதும் ரயில் ஆற்றைக் கடக்கும், ஜன்னல் ஓரமாக உட்கார். வற்றம் எப்போது என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் கரைக்குப் போய்விடு. வரைவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேள், வரைந்ததைக் காட்டு, தப்பு சொன்னால் அங்கேயே திருத்து. மஞ்ச மட்டி எங்கேயாவது இன்னும் கிடைக்கிறதா என்றும் கேட்டுப் பார். கிடைத்தால் ஒன்றை வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா